யூரோஸ்கோர் 2: பைபாஸுக்கு முன் போட்டுப் பார்க்கும் ரிஸ்க் கணக்கு, எங்கே சரி, எங்கே சறுக்கும்

"ரிஸ்க் எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டால் "ரெண்டு மூணு பர்சன்ட்" என்று பதில் வரும். கன்சென்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபிறகுதான், அந்த ரெண்டு மூணு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வீட்டாருக்கு எழும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறும் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிக் குடும்பங்களில் இப்போது யாராவது ஒருவர் போனில் தேடி அந்த எண்ணைத் தாமே போட்டுப் பார்க்கிறார். அப்படிப் பார்க்கிறவர்கள் கையில் முதலில் சிக்குவது யூரோஸ்கோர் 2, அதாவது இதய அறுவையில் நோயாளி இறக்கும் ரிஸ்க்கைச் சதவீதமாகச் சொல்லும் இணையக் கணக்கு. இந்த விமர்சனம் அந்தக் கருவியைப் பற்றியது.

மதிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு நான்கு. இலவசம், பதிவு செய்ய வேண்டாம், சாதாரண போனிலும் திறக்கும். பேப்பர்கள் கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். பக்கத்தில் தமிழ் இல்லை என்பது ஒரு குறை. இழந்த மதிப்பெண் அதற்காக இல்லை. நம் ஊர் நோயாளிக்குத் தெரிய வேண்டிய சில விஷயங்களை இது கேட்பதே இல்லை என்பதற்காக.

எதற்கு இது என்பதில் குழப்பம் வேண்டாம். பைபாஸ், வால்வு மாற்றுதல் அல்லது சரிசெய்தல், மார்புப் பகுதி மகாதமனி அறுவை போன்ற பெரியவர்களின் இதய அறுவைக்கு மட்டும். ஸ்டென்ட் வைக்கப் போகிறவருக்கு இதைப் போட்டுப் பார்ப்பது தவறு. பித்தப்பை, குடலிறக்கம், இடுப்பு எலும்பு முறிவுக்கும் ஆகாது. அதற்கு வேறு கணக்கு உண்டு, பின்னால் வருகிறது.

முதல் யூரோஸ்கோர் 1999-இல் வெளியானது, 1995-இல் திரட்டிய தகவலை வைத்து. அறுவையும் மயக்க மருத்துவமும் ஐ.சி.யூ. கவனிப்பும் முன்னேற, பழைய கணக்கு ரிஸ்க்கைக் கூட்டிக் காட்ட ஆரம்பித்தது. 2010-இல் 43 நாடுகளின் 154 மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 22,381 பேரின் தகவலைத் திரட்டிப் புதிய கணக்கைச் செய்து 2012-இல் வெளியிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் உண்மையில் இறந்தவர்கள் 3.9 சதவீதம். பழைய யூரோஸ்கோரின் லாஜிஸ்டிக் என்ற வடிவம் அதே ஆட்களுக்குச் சொன்னது 7.57. கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆகவே எந்தப் பதிப்பில் போடுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினினைப் பற்றி "200-க்கு மேலா?" (மைக்ரோமோலில்) என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் அது பழையது. இன்சுலின் போடுகிறாரா, மூச்சு வாங்குவது எந்த வகுப்பு (ஒன்று முதல் நான்கு வரை, நான்கு என்றால் சும்மா இருக்கும்போதே வாங்கும்) என்று கேட்டால் புதியது. இரண்டும் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன.

கேள்விகள் பதினெட்டு. வயது, ஆண் பெண், மூச்சுக்குழாய் நோய், ரத்தநாள நோய் போன்றவை பாதிக்குமேல் நேரடியானவை. தப்பு நடப்பது நான்கைந்து இடங்களில்தான், அதிலும் முதலிடம் சிறுநீரகத்துக்கு.

கருவி கேட்பது லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் கிரியாட்டினின் அளவை அன்று, சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸை. கணக்கு இது: 140-லிருந்து வயதைக் கழிக்கவும், வருவதை எடையால் பெருக்கவும். 72-ஐக் கிரியாட்டினின் அளவால் பெருக்கி, அந்த எண்ணால் வகுக்கவும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்கவும். 85-க்கு மேல் என்றால் ரிஸ்க் ஏறாது. 50-லிருந்து 85 வரை ஒரு படி, 50-ம் அதற்குக் கீழும் அடுத்த படி, டயாலிசிஸ் தனி.

இதில் எடை எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 62 வயது ஆண், இன்சுலின் போடுகிறவர், இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு, எக்கோவில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 42, ஓரளவு வேலை செய்தால் மூச்சு வாங்குகிறது (இரண்டாம் வகுப்பு), கிரியாட்டினின் 1.4, தேதி குறித்துச் செய்யும் பைபாஸ். எடை 60 கிலோ என்றால் கிளியரன்ஸ் 46. கருவி தரும் ரிஸ்க் 3.1 சதவீதம். அட்மிஷன் சீட்டில் உத்தேசமாக 70 என்று எழுதியிருந்தால் கிளியரன்ஸ் 54 ஆகிவிடும், ரிஸ்க் 1.8-க்கு இறங்கிவிடும். ஆள் அதே ஆள், சிறுநீரகமும் அதேதான். பத்து கிலோ பேனாவில் கூடியதற்கு ரிஸ்க்கில் பாதியை ஒட்டிக் குறைந்துவிட்டது. கட்டிலில் படுத்திருப்பவரைத் தராசில் நிற்க வைத்துப் பார்க்காமல் எடையை நிரப்பவே கூடாது.

வால்வு நோயாளிக்கு இது இன்னொரு விதமாகச் சிக்கும். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து வந்தவருக்கு அன்றைய எடையில் நாலைந்து கிலோ நீராகவே இருக்கலாம். நீர் போக்கும் மாத்திரையில் வீக்கம் வடிந்தபிறகு இருக்கும் எடைதான் அவருடைய எடை. வீக்கத்தோடு போட்டால் சிறுநீரகம் உண்மையைவிட நன்றாக இருப்பதாகக் கருவி நம்பிவிடும்.

ஆஞ்சியோவுக்குப் பின் எடுத்த ரத்தப் பரிசோதனையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கிரியாட்டினின் உயர்வது இரண்டு மூன்று நாட்களுக்குள் தெரியும். ஆஞ்சியோவுக்கு முந்தின நாள் பேப்பரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து ரிஸ்க் போட்டால், சாயம் செய்த வேலை கணக்கில் வராமலே போகும். யூனிட்டையும் பார்க்க வேண்டும். இங்குள்ள லேப்கள் மில்லிகிராமில் தருகின்றன. சில கணக்குப் பக்கங்கள் மைக்ரோமோலில் கேட்கும். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல்.

லேப்பில் "நார்மல்" என்று அச்சடித்திருந்தால் கிளியரன்ஸ் கணக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஒல்லியான பெண்களுக்கு அந்தப் பழக்கம் பெரிய பிழையைத் தரும். 45 வயதுப் பெண், 42 கிலோ, கிரியாட்டினின் 0.8. எந்த லேப்பிலும் சிவப்பு எழுத்து வராது. கணக்குப் போட்டால் கிளியரன்ஸ் 59, அதாவது நடுப் படி. இவருக்கு ருமாட்டிக் காய்ச்சலில் கெட்ட மைட்ரல் வால்வை மாற்றி, கூடவே டிரைகஸ்பிட் வால்வையும் சரிசெய்யப் போகிறார்கள். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் 62, மூச்சு வாங்குவது மூன்றாம் வகுப்பு, இ.எஃப். நன்றாக இருக்கிறது. சரியாக நிரப்பினால் 2.7 சதவீதம். சிறுநீரகத்தை "நார்மல்" என்று விட்டால் 2.0. அதோடு இரண்டு வால்வு வேலையை ஒரே அறுவை என்று எண்ணி "ஒரு சிகிச்சை" என்று அழுத்தினால் 1.2. மார்பைத் திறப்பது ஒரு முறைதான், ஆனால் இந்தக் கருவி எண்ணுவது உள்ளே எத்தனை பெரிய வேலை நடக்கிறது என்பதை. வால்வு மாற்றுவது ஒன்று, இன்னொரு வால்வைச் சரிசெய்வது இன்னொன்று, பைபாஸும் சேர்ந்தால் மூன்று. எத்தனை குழாய் வைத்துத் தைத்தாலும் பைபாஸ் ஒரே வேலைதான்.

அடுத்த சறுக்கல் "அவசரம்" என்ற பெட்டியில். தேதி குறித்துவிட்டார்கள் என்பதால் எல்லோரும் எலெக்டிவ் என்று அழுத்துகிறார்கள். கருவியின் பொருளில், அறுவைக்கென்று வீட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்தான் எலெக்டிவ். நெஞ்சு வலியோடு வந்து, ஆஞ்சியோவில் இடது பிரதான ரத்தக்குழாய் அடைப்புத் தெரிந்து, "இவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது, இந்த அட்மிஷனிலேயே செய்துவிடுவோம்" என்று நிறுத்திவைத்தவர் அர்ஜென்ட். ஆறாம் நாள்தான் தியேட்டர் கிடைத்தது என்பதால் அது எலெக்டிவ் ஆகிவிடாது. முடிவெடுத்த பிறகு அடுத்த வேலை நாள் தொடங்குவதற்குள் செய்தால் எமர்ஜென்சி. தியேட்டருக்குப் போகும் வழியிலேயே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டிய நிலை கடைசிப் படி.

இன்சுலின் கேள்வி வீட்டில் தொடர்ந்து ஊசி போடுகிறவரைப் பற்றியது. மாத்திரையில் இருந்தவருக்கு அறுவைக்கு முன் வார்டில் நாலு நாள் ஊசி போடுவது வழக்கம். அதை வைத்து "ஆம்" என்று அழுத்த வேண்டாம். மேலே சொன்ன 62 வயதுக்காரர் மாத்திரையில் மட்டும் இருந்திருந்தால் 3.1 என்பது 2.2 ஆகியிருக்கும்.

மூச்சு வாங்கும் வகுப்பைக் கேட்கும்போது நோயாளியின் பழைய வேலையைக் கேட்க வேண்டும். தேவனாம்பட்டினத்தில் மீன் கூடை சுமந்தவர் ஒரு வருடமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், "மூச்சு வாங்குதா?" என்றால் "இல்லையே" என்றுதான் சொல்வார். வாங்கும் வேலையை அவர் எப்போதோ விட்டுவிட்டார். முன்பு செய்த எதை இப்போது விட்டிருக்கிறார், மாடிப்படியில் எத்தனாவது படியில் நிற்கிறார் என்று கேட்டால்தான் உண்மை வரும். மூட்டு வலிக்காரரிடம் இன்னும் கவனம் தேவை, அவர் நடப்பதே இல்லை. நடமாட்டக் குறைவு என்று தனிக் கேள்வியும் இருக்கிறது. எலும்பு, மூட்டு, நரம்புக் கோளாறால் நடமாட்டம் கடுமையாக முடங்கியவருக்குத்தான் அது. சாதாரண முழங்கால் வலிக்கு இல்லை.

ரத்தநாள நோய் என்ற கேள்வியும் அடிக்கடி "இல்லை" என்று போய்விடுகிறது. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் சரியாகிறதா, ரத்த ஓட்டம் இல்லாமல் விரலையோ காலையோ எடுத்தார்களா, கழுத்து ரத்தக்குழாயில் பாதிக்குமேல் அடைப்பா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். சர்க்கரையும் புகையும் சேர்ந்தவர்களிடம் இதில் ஒன்று இருந்துவிடுவது சாதாரணம். இதன் பாரம் இன்சுலினைவிட அதிகம்.

உள்ளே இருக்கும் கணக்கைப் பார்த்தால் இரண்டு விஷயம் விசித்திரமாகத் தெரியும், இரண்டும் அச்சுப் பிழை அல்ல. 60 வயது வரை எல்லோருக்கும் வயதுக்கு ஒரே மதிப்பு. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் 32 வயதுக்காரருக்கும் 59 வயதுக்காரருக்கும் ஒரே ரிஸ்க்தான் வரும். ஐரோப்பாவில் இது பெரிய குறை இல்லை. இளம் வயதிலேயே ருமாட்டிக் வால்வு நோயோடு வருகிறவர்கள் நிறைந்த நம் நாட்டில், அவர்களுக்கு இந்தக் கருவி வயதின் நன்மையைத் தருவதே இல்லை. இரண்டாவது, டயாலிசிஸில் இருப்பவருக்கு வரும் கூடுதல், டயாலிசிஸ் இல்லாமல் கிளியரன்ஸ் 50-க்குக் கீழ் இருப்பவருக்கு வருவதைவிடக் கொஞ்சம் குறைவு. திரட்டிய தகவலில் அப்படித்தான் வந்தது.

எந்த நோயும் இல்லாத 60 வயது ஆணின் பைபாஸுக்கு இது தரும் மிகக் குறைந்த எண் 0.5 சதவீதம். பூஜ்யம் வராது.

சரி, வந்த எண்ணுக்கு என்ன பொருள்? 3.1 என்றால், இதே போன்ற நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் அதே மருத்துவமனையில் இருக்கும்போதே இறக்கிறார்கள் என்பது. அதே மருத்துவமனையில் என்பது முக்கியம். எட்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி நெல்லிக்குப்பம் வீட்டுக்குப் போய் இருபதாம் நாள் இறந்தவர் இந்த மூன்றில் இல்லை. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர், நெஞ்செலும்புக் காயம் சீழ் பிடித்து மறுபடி தியேட்டருக்குப் போனவர், டயாலிசிஸில் மாட்டியவர், இவர்களெல்லாம் உயிரோடு இருப்பதால் கருவிக்கு அவர்கள் வெற்றி. சர்க்கரை நோயாளியின் குடும்பம் அதிகம் பயப்பட வேண்டியதே இந்தச் சிக்கல்களுக்கு. அதைப் பற்றி யூரோஸ்கோர் 2 ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

அதற்கு எஸ்.டி.எஸ். கணக்கு இருக்கிறது, அமெரிக்க இதய அறுவை மருத்துவர்கள் சங்கத்துடையது. அதுவும் இலவசம். கேள்விகள் பல மடங்கு அதிகம், எக்கோவும் ஆஞ்சியோவும் முழு ரத்தப் பரிசோதனையும் பக்கத்தில் இல்லாமல் உட்காரவே கூடாது. பலனாகப் பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, வென்டிலேட்டரில் நீண்ட நாள், ஆழமான நெஞ்செலும்புக் காயத் தொற்று, மறு அறுவை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருகிறது. இறப்பையும் 30 நாள் வரை எண்ணுகிறது. பைபாஸ் மட்டும், அல்லது வழக்கமான வால்வு அறுவை என்றால் இதையும் போட்டுப் பார்ப்பதையே பரிந்துரைப்போம்.

யூரோஸ்கோர் 2 ஆட்களைத் தரம் பிரிப்பதில் எவ்வளவு கெட்டி? சோதித்தபோது கிடைத்த அளவு 0.81. பிழைத்த ஒருவரையும் இறந்த ஒருவரையும் எடுத்தால், நூறில் 81 முறை இறந்தவருக்குத்தான் அதிக எண் கொடுத்திருந்தது. ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல இது நல்ல அளவு. ஒரு ஆளைப் பற்றிச் சத்தியம் செய்யப் போதாது. அதனால் 1.8-க்கும் 2.2-க்கும் இடையில் மருத்துவமனையை மாற்றுவது அர்த்தமில்லை. 2-க்கும் 8-க்கும் இடையில் உட்கார்ந்து பேச நிறைய இருக்கிறது.

கேட்காமல் விட்டவற்றில் முதலாவது ரத்தசோகை. ஹீமோகுளோபின் 8-ல் இருக்கும் பெண்ணுக்கும் 13-ல் இருப்பவருக்கும் கருவி ஒரே எண்ணைத் தரும். அறுவை தள்ளிப்போடக் கூடியது என்றால், இரும்புச்சத்து ஏற்றிவிட்டு வரலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. இரண்டாவது உடல் தளர்ச்சி. 70 வயதைத் தாண்டியவரை வராந்தாவில் 5 மீட்டர் இயல்பாக நடக்கச் சொல்லிப் போனில் நேரம் பாருங்கள். 6 நொடியோ அதற்கு மேலோ ஆனால், எண் சொல்வதைவிட ரிஸ்க் அதிகம் என்று எடுத்துக்கொள்ள ஆய்வு ஆதாரம் உண்டு. மூன்றாவது, ரத்தக்குழாயின் தரம். பல வருடச் சர்க்கரையில் குழாய் நெடுகச் சுருங்கி, தைக்க நல்ல இடமே இல்லாமல் இருப்பது நம் ஊரில் சகஜம். ஆஞ்சியோ சி.டி.யைப் பார்க்கும் சர்ஜனுக்கு அது தெரியும், கருவிக்குத் தெரியாது. சர்ஜன் சொல்லும் எண் நீங்கள் போட்டதைவிடப் பெரிதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. அவரிடம் எதனால் கூடுகிறது என்று கேளுங்கள், நல்ல சர்ஜன் விரல்விட்டுச் சொல்வார்.

இதயம் அல்லாத அறுவைக்கு ஆர்.சி.ஆர்.ஐ. என்ற ஆறு கேள்விக் கணக்கு போதும். வயிறு, மார்பு அல்லது தொடைக்கு மேலுள்ள ரத்தக்குழாய் அறுவை, இதய ரத்தக்குழாய் நோய், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், இன்சுலின், கிரியாட்டினின் 2-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 1999-இல் வந்தபோது புள்ளியே இல்லாதவருக்குப் பெரிய இதயச் சிக்கல் 0.4 சதவீதம் என்றது. 2017-இல் கனடா வழிகாட்டி பிந்தைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அதை 3.9 என்று திருத்தியது. மூன்று புள்ளியும் மேலும் என்றால் 15. இடையில் இதயத் தசை சேதத்தை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனை வந்து, முன்பு கண்ணில் படாத மாரடைப்புகளையும் பிடித்ததே இந்த உயர்வுக்கு ஒரு பெரிய காரணம். பழைய அட்டவணையை இன்னும் வைத்திருக்கும் செயலிகள் உண்டு, 0.4 என்று காட்டினால் அதை மூடிவிடலாம். சர்க்கரைக் கால் புண்ணுக்கு விரல் எடுப்பது இந்தக் கணக்கில் பெரிய அறுவையாக வராது, ஆனால் அந்த நோயாளியிடம் மற்ற மூன்று நான்கு புள்ளிகள் ஏற்கெனவே இருக்கும். இடுப்பு முறிவோடு வரும் பாட்டிக்கும் இதைப் போடுகிறார்கள். இது தேதி குறித்துச் செய்யும் அறுவைகளை வைத்து உருவானது என்பது அங்கே நினைவில் இருக்க வேண்டும்.

அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரியின் என்.எஸ்.க்யூ.ஐ.பி. கணக்கு பெரும்பாலான அறுவைகளுக்குப் பொருந்தும், படமும் அழகு. ஆனால் தொடங்கவே அறுவையின் சரியான ஆங்கிலப் பெயரோ அமெரிக்கக் குறியீட்டு எண்ணோ வேண்டும். நம் எஸ்டிமேட் பேப்பரில் அந்த எண் இருக்காது. மயக்க மருத்துவர் துணையோடு போட்டால்தான் பயன்.

யூரோஸ்கோர் 2-ஐப் போட்டு முடித்ததும் கடைசி எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். நிரப்பிய பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எடை பார்த்த தேதி, கிரியாட்டினின் எடுத்த தேதி, எக்கோ தேதி மூன்றையும் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். ரவுண்ட்ஸில் சர்ஜனுக்கு இருப்பது இரண்டு நிமிடம். "எங்க கணக்குல மூணு வருது சார்" என்றால் அந்த இரண்டு நிமிடமும் வாதத்தில் போகும். "அர்ஜென்ட்னு போடணுமா எலெக்டிவா சார், எடை 60-னு போட்டிருக்கோம்" என்று பக்கத்தைக் காட்டினால் அவர் தப்பான பெட்டியை அங்கேயே திருத்திவிடுவார். கூடவே, போன வருடம் இந்த அறுவை இங்கே எத்தனை பேருக்கு நடந்தது, எத்தனை பேர் பிழைத்து வீடு போனார்கள் என்றும் கேட்கலாம். தேதி தள்ளிப்போனால் புது ரத்தப் பரிசோதனையோடு மறுபடி போட வேண்டும். மாரடைப்பு வந்து 90 நாள் தாண்டியிருந்தால் அந்தக் கேள்விக்கு இப்போது பதில் "இல்லை".